திருப்பி எடுத்த சிப்பாய்

மார்ச் 2, ஞாயிறு
பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சதுரங்கக் கிளப் பட்டியலை ஒட்டிவிட்டது. பினாங்குப் போட்டிக்கு நான்கு பேர். கடைசி இடத்துக்கு நானும் லெஸ்லியும். 23ஆம் தேதி ஒரே ஆட்டம். புள்ளியில் அவன் முன்னால், டிரா போதும். எனக்குக் கறுப்புக் காய், வெற்றியும் வேண்டும்.

2014இல் அணித் தலைவனாக இருந்து பட்டியலிலிருந்து என் பெயரை அடித்தவன் இதே லெஸ்லிதான். ஆட்டம் முடிந்தால் எல்லாரும் எதிராளியோடு உட்கார்ந்து அதை அலசுவார்கள். பதினொரு வருடமாக அவனோடு நான் அலசியதில்லை. கை கொடுப்பேன், பையை எடுப்பேன்.

மார்ச் 5
கிளாங்கில் பக்கத்து வீட்டு முகுந்தன், அவனும் கிளப்தான், சொன்னான்: “உன் பழைய ஆட்டமெல்லாம் லெஸ்லிக்கு மனப்பாடம் லா. பென்கோ தொடக்கம் ஆடு. மூணாவது மூவ்லயே சிப்பாய கொடுத்துடு.”

கொடுக்க நான் என்ன வள்ளலா?

சிப்பாய் போனால் ஓரத்தில் இரண்டு பாதைகள் திறக்குமாம். யானைகள் இறங்கி நின்றால் எதிரி மூச்சுவிட முடியாதாம். ராணிகள் வெட்டுப்பட்ட பிறகும்கூட! குறைவாக இருப்பவன் காய்களை வெட்டக்கூடாது என்றுதான் நான் படித்திருக்கிறேன்.

மார்ச் 11
முகுந்தனிடம் மூன்று ஆட்டமும் தோல்வி. மூன்றிலும் அவசரப்பட்டுச் சிப்பாயைத் திருப்பி எடுத்தேன். எடுத்ததும் என் யானைகளுக்கு வேலையில்லை.

“விட்டுத் தொலையேன்டா சிவநேசா! அது இல்லாமலே நீ நல்லாத்தான் இருக்கே.”

நன்றாகவா? எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறதே.

மார்ச் 16
கொமுட்டர் ரயிலில் கிளாங் வரை யோசித்தேன். புரியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு
பென்கோவேதான் ஆடினேன். பதினெட்டாவது நகர்த்தலில் லெஸ்லி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அவன் காய்களெல்லாம் ஒரு மூலையில். ஜெயிக்கிறேனா, சும்மா மிரட்டுகிறேனா — எனக்கே தெரியவில்லை. “டிரா?” என்றான். மறுத்தேன்.

யானைகளை அப்படியே வைத்திருந்தால் போதும். இருபத்தேழாவதில் ஒரு சிப்பாய் காவலில்லாமல் நின்றது. எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன்? தெரியலயே! கை தானாப் போச்சு.

ஒரு யானை வெட்டுப்பட்டது, பிறகு மற்றது. நாற்பதாவதில் டிரா. இடம் அவனுக்கு.

கை கொடுத்தேன். பையை எடுத்தேன்.

“ஏன்டா எடுத்தே?” என்றான் லெஸ்லி. “நான் செத்தேன்னு நெனச்சேன் லா.”

கேலி செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவனுக்கும் நிஜமாகவே விளங்கவில்லை. என்னைக் கேட்காமலே இருபத்தேழாவது நிலையை அடுக்கத் தொடங்கினான். ஒரு குதிரையைத் தப்பான கட்டத்தில் வைத்தான். அதைத் திருத்தத்தான் உட்கார்ந்தேன். எழுந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி மணி இரண்டு.

2014ஐப் பற்றி அவன் பேசவில்லை. நானும்.

ஏப்ரல் 19, சனி
பினாங்கிலிருந்து லெஸ்லி அழைத்தான். முதல் சுற்றிலேயே பென்கோ ஆடினானாம்.

“கடைசி வரைக்கும் அந்தச் சிப்பாய நான் தொடல, சிவா. தோத்துட்டேன்.”

பலகையை விரித்து, “எந்த மூவ்லேருந்து?” என்றேன். கூடப் போயிருந்த அவன் மனைவி மகதலேனா பின்னால் சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது. இரண்டு முறை.