நீ பதினோரு நாள் வைத்திருந்த கடிதம்

இன்று காலை தபால் நிலையத்தில் ஜன்னல் ஓரத்துப் பசை டப்பாவுக்குள் விரலை விட்டதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. அதே புளித்த வாசனை. தங்கை மகளுக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்பப் போயிருந்தேன். உறையை ஒட்டிவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. “யம்மா, ஒட்டிட்டீங்கன்னா கொஞ்சம் நகருங்க” என்றார் பின்னால் நின்றவர். வீட்டுக்கு வந்து கை கழுவியும் வேறு வேலை ஓடவில்லை. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கல்லூரி ஆய்வகத்தில் நம் இருவருக்கும் ஒரே மேசை. நான் முதலியார்பேட்டை மில் தொழிலாளி மகள். நீ சொல்தா வீட்டுப் பெண், பட்டாளத்துக்காரர் மகள். உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய், பென்ஷனோடு ஊர் திரும்பியவர். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. பதினாறு வயதில் எடுத்த படம் ஒட்டிய உன் பாஸ்போர்ட் அலமாரியில் சும்மா கிடந்தது. டிக்கெட் எடுத்தால் போதும், நீ பிரான்சுக்குப் போய்விடலாம். ஆனால் உன் அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “கல்யாணம் கட்டிக்கினு புருஷன்கூட போ. தனியா அனுப்ப மாட்டேன்.”

அங்கே போய்ப் படிக்கட்டுமா என்று என் அப்பாவிடம் நான் பயந்து பயந்துதான் கேட்டேன். ஷிப்ட் முடிந்து வந்து, தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் துண்டால் தட்டிக்கொண்டிருந்தார். “படிக்கத்தான கேக்குது? போவட்டும்” என்றார். அவ்வளவுதான்.

“நம்ம அப்பாங்கள மாத்தி வெச்சிட்டாங்கடி” என்று நீ சொன்னாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் சிரித்தேன்.

தென் பிரான்சில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு இருவருமாக உட்கார்ந்துதான் விண்ணப்பம் எழுதினோம். உன்னுடையதை உன் அப்பா வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். என்னுடையது மட்டும் போனது. இடமும் உதவித்தொகையும் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தபோது, முதலில் கத்தியவள் நீ. தெருவே திரும்பிப் பார்த்தது.

அப்புறம்தான் என் பெயர்ச் சிக்கல் தொடங்கியது. பிறப்புச் சான்று எடுக்கப் போனால் பதிவேட்டில் நான் இல்லை. பழைய பிரெஞ்சுக் கையெழுத்தில் விரலை ஓட்டிப் படித்துக்கொண்டே வந்த நீ, ஒரு இடத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாய்.

“சந்திரான்னு ஒருத்தி பொறக்கவே இல்லடி. அஞ்சலைதான் பொறந்திருக்கா.”

அப்பா அஞ்சலை என்று பதிந்திருக்கிறார். பள்ளியில் சேர்த்த சித்தப்பாவுக்கு அந்தப் பெயர் பிடிக்காமல் சந்திரா என்று கொடுத்துவிட்டார். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம் தயாரிக்க நாம் எத்தனை நடை நடந்தோம்! பிரெஞ்சில் அதை எழுதியது நீதான். கையெழுத்தான தாளை வாங்கிக்கொண்டு வரும்போது, “ரெண்டு பேரு, ஒரு டிக்கெட்டு. உங்கப்பா கெட்டிக்காரருதான்” என்றாய்.

மாலையில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எனக்குப் பாடம் நடக்கும். கத்தியாலும் முள்கரண்டியாலும் இட்லியை வெட்டினேன். மடியில் கை வைத்தால் அதட்டுவாய். “கைய மேச மேல வை. அங்க அதான் மரியாத.” நான் பிரெஞ்சில் பேசும்போது உன் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து இருமுவார். உச்சரிப்பு தப்பு என்று அர்த்தம். பெற்ற மகளின் விண்ணப்பத்தைப் பூட்டி வைத்துவிட்டு, ஊரான் வீட்டுப் பெண்ணின் உச்சரிப்பை அந்த மனிதர் அவ்வளவு அக்கறையாகத் திருத்தினார். அது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூன் முடிவதற்குள் ஒப்புதல் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நீ நல்ல பிரதி எடுத்தாய், நான் கையெழுத்துப் போட்டேன். தபால் நிலையத்தில் பசை தொட்டுத் தபால் தலைகளை ஒட்டினோம். பதிவுத் தபாலுக்கு நீளமான வரிசை. வீட்டில் அம்மா ரேஷன் கடைக்குப் போகக் காத்திருந்தாள். “நீ போடி, நான் போட்டுட்டுப் போறேன்” என்றாய். ரசீதைக் கூட நான் அப்புறம் கேட்கவில்லை. உன்னிடம் போய் ரசீது கேட்பேனா?

பதினோரு நாள் கழித்து, நல்ல வெயிலில், குடை கூட இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்தாய். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “வா, மோர் குடிக்கிறியா?” என்றாள். நீ பையிலிருந்து அந்த உறையை எடுத்து என் கையில் கொடுத்தாய். ஒட்டிய தபால் தலைகளின் மேல் முத்திரை விழவே இல்லை.

“இன்னாடி இது?”

“போடல.”

“மறந்துட்டியா?”

“மறக்கல. தெனமும் பையில எடுத்துக்கினுதான் போனேன். போஸ்டாபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன்.”

“நீ போவ முடியலன்னா நானும் போவக் கூடாதா?” என்று கத்தினேன்.

“ஆமா” என்றாய். “அப்பிடித்தான் நெனச்சேன்.”

அம்மாவின் முறம் நின்றுவிட்டது. நீ அழவில்லை. என் முகத்தைப் பார்த்தபடியே நின்றாய். “இப்ப வா, தந்தி குடுத்துடலாம். இன்னும் நாள் கீது” என்றாய்.

தந்தி அலுவலகம் வரை நான் உனக்குப் பத்தடி முன்னால் நடந்தேன். படிவத்தில் நீதான் பிரெஞ்சில் எழுதினாய். ஏற்றுக்கொள்கிறேன், கடிதம் பின்னால் வருகிறது என்பதோடு நிறுத்தியிருக்கலாம். தாமதத்துக்குத் தோழியே காரணம், மாணவி அல்ல என்று ஒரு வரி சேர்த்தாய். “இது எதுக்கும்மா, அநாவசியமா நீளுது” என்றார் குமாஸ்தா. “இருக்கட்டும் சார்” என்றாய். பிறகு அந்த உறையைப் பதிவுத் தபாலில் சேர்த்து, ரசீதை என் கையில் வைத்தாய்.

எட்டு நாள் சோறு இறங்கவில்லை. தந்திக்காரர் வந்து நின்றபோது, யாருக்கு என்ன ஆச்சோ என்று அம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள். நான் பிரித்துப் படித்தேன். இடம் இருக்கிறது, வரலாம்.

அதற்குப் பிறகு உங்கள் வீட்டுப் படி நான் ஏறவில்லை. நீ வந்தாய். என்னோடு பேச முயலாமல் அம்மாவோடு உட்கார்ந்தாய். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அப்பா தமிழ் படிப்பாரே தவிர, வெளிநாட்டு முகவரி எழுத வராது. ஒரு கட்டு விமானத் தபால் தாள்கள் வாங்கி வந்து, ஒவ்வொன்றிலும் என் பிரான்ஸ் முகவரியை எழுதி அடுக்கினாய். நான் சூட்கேஸில் துணி மடித்து வைப்பது போல முதுகைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

சென்னைக்குப் பஸ் ஏறும் அன்று எல்லோர் கையையும் பிடித்து விடைபெற்றேன். அம்மாவுக்குப் பின்னால் நின்ற உன்னிடம் “வரேன்” என்று மட்டும் சொன்னேன். பஸ் நகரும்போது நீ ஜன்னலோடு நாலு அடி கூடவே வந்தாய்.

“கைய மேச மேல வை. மறந்துடாத.”

அங்கே போன பிறகு அம்மாவின் கடிதங்கள் உன் கையெழுத்தில் வந்தன. அவள் பேசப் பேச அப்படியே எழுதியிருப்பாய். “மழையில கூர ஒழுவுது, ஒங்கப்பா ஏறி அடச்சாரு, நீ ஒழுங்கா துன்றியா இல்லியா?” படிக்கும்போது அம்மாவின் குரல் அந்தக் குளிர் அறைக்குள் கேட்கும். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் சின்ன எழுத்தில் உன் வரி ஒன்று இருக்கும்: “இன்றே போட்டுவிடுகிறேன்.” நாலு வருஷமும் அந்த வரி தவறவில்லை. நான் முதன்முதலாக உனக்கென்று தனியாகக் கடிதம் எழுதியதே அந்த வரியைப் பார்த்துப் பார்த்துத்தான்.

உனக்குத் தவளக்குப்பத்தில் கல்யாணம் ஆனது. எண்பதுகளின் நடுவில் உன் அப்பாவும் போய்விட்டார். உன் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், போய்வா என்றுதான் சொன்னார். படிப்பு முடிந்தும் அங்கேயே வேலையில் இருந்த நான் விடுமுறைக்கு வந்திருந்தபோது, கடலூர் சாலையில் காய்கறிப் பையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டு உன்னைக் கூப்பிட்டேன். ஒரு மாசமாவது என்னோடு வந்து இரு என்றேன்.

“இப்ப ஆச இல்லடி. அப்ப இருந்துச்சி பாரு, அது மாதிரி இல்ல. இல்லாத ஆசைக்கு எதுக்கு ப்ளேன் ஏறணும்?”

கடைசியாக உன்னைப் பார்த்தது கோரிமேட்டு ஆஸ்பத்திரியில். மெலிந்து, கட்டிலில் பாதி இடம்கூட அடைக்காமல் இருந்தாய். அந்தக் கடிதத்தைப் பற்றி இத்தனை வருஷத்தில் நாம் ஒரு முறையும் பேசியதில்லை. அன்று நீயே கேட்டாய்.

“அன்னிக்கி நான் அத எடுத்துக்கினு வராமலே இருந்திருந்தா இன்னாடி ஆயிருக்கும்?”

“இங்கயே எதுனா ஸ்கூல்ல டீச்சரா இருந்திருப்பேன். தெனமும் உன்னப் பாத்திருப்பேன்.”

“அப்ப எடுத்துக்கினு வந்தது தப்புதான்” என்றாய். சிரித்தாய். சிரிப்பில் இருமல் வந்து, நான் முதுகைத் தடவிவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. நீ கேட்கவும் இல்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. பிரான்சில் என் முதல் குளிர்காலத்தில், உடன் படித்த பெண் ஆய்வக அடுப்பில் வைத்திருந்த மூன்று வார வேலை என் கவனக்குறைவால் கெட்டுப்போனது. யாரும் பார்க்கவில்லை. அடுப்பு பழுது என்றே எல்லோரும் நம்பினார்கள். பேராசிரியர் பொதுவாகக் கேட்டபோது, நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அந்த வெயிலில் நீ நின்ற நிலை ஞாபகம் வந்தது. தபாலில் தொலைந்துவிட்டது போல என்று நீ சொல்லியிருந்தால் நான் அப்படியே நம்பியிருப்பேன். நீ அப்படிச் சொல்லவில்லை. நான் எழுந்து நின்று, கெடுத்தது நான்தான் என்றேன். அந்தப் பெண் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை.

அதற்குப் பிறகும் வாழ்க்கையில் பல தடவை எழுந்து நிற்க வேண்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் எதையாவது இழக்கத்தான் செய்தேன். ஆனாலும் உட்கார்ந்தே இருந்துவிட என்னால் முடிந்ததில்லையடி.