சீட்டில்லாமல் கிடந்த பிலோமினா அக்காவுக்கு

முகத்துவாரம் பைப்படியில் குடத்தை இடுப்பில் வைத்தபடி என்னை முதல் நாளே 'டீச்சர்' என்று கூப்பிட்ட என் அக்காவுக்கு,

நீங்கள் போய் இன்றைக்கு நாற்பத்தொரு நாள். இதை உங்களால் வாசிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோதும் முடியாது. யாராவது வாசித்துக் காட்டினால் நடுவில் மறித்து, "அந்த எடத்த இன்னொருக்கா சொல்லுங்க டீச்சர்" என்று கேட்பீர்கள். இப்போது மறிக்க ஆள் இல்லை. அதனால்தானோ என்னவோ எழுத வருகிறது.

முதலில் இங்கத்தைய செய்தி. உலக யுத்தம் இங்கேயும் வந்துவிட்டதால் கொழும்பு பாதி காலி. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் நான்கு வீடு பூட்டிக் கிடக்கிறது. யாழ்ப்பாண ரயிலில் நிற்கவும் இடமில்லை என்கிறார்கள். கடற்கரை முழுவதும் முள்ளுக்கம்பி. நான் படிப்பித்த கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் இப்போது பட்டாளத்துக்காரர்கள் இருக்கிறார்கள். அப்பா மட்டும் சுருட்டுக் கடையை ஒருநாள்கூடப் பூட்டவில்லை. "குண்டு போட்டாலும் சனத்துக்குப் புகை வேணும்" என்கிறார். உங்கள் தெருவில் பைப் உடைந்துபோனதால் மூலைக் கடைக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று வைத்திருக்கிறார்கள். பெண்கள் அங்கே வரிசையில் நிற்கிறார்கள், பேசாமல்.

என்னை ஏன் உங்கள் வட்டாரத்துக்கு அனுப்பினார்கள் என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். நான் சிரித்துச் சமாளித்தேன். உண்மையான காரணம் சின்னது. வான் தாக்குதல் வந்தால் காயக்காரரைத் தூக்கத் தொண்டர்கள் வேண்டும். அவர்களைப் பழக்கும் கைந்நூல் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் சொல்ல ஒரு பட்டதாரி வேண்டும். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர் இல்லை. பட்டம் என்றால் எல்லாம் தெரியும் என்று அப்பா நினைத்தார், என்னை அனுப்பிய வான் பாதுகாப்பு அலுவலகமும் நினைத்தது. எனக்குப் புத்தகத்தை மொழிபெயர்க்கத் தெரிந்திருந்தது. பேசத்தான் தெரியவில்லை.

முதல் ஞாயிறு ஞாபகம் இருக்கிறதா? முதல் பூசை முடிந்து ஒரு டசின் பேர் பைப்படியில் கூடியிருந்தார்கள். துறைமுகத்து ஆண்கள், மீன்காரர் வீட்டுப் பெண்கள், தையல்கடை காசிம் நானா. நான் புத்தகத்தைத் திறந்து இரத்தப்போக்கைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். என் குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை. பின்னாலிருந்து நீங்கள்தான்:

"டீச்சர், கொசுவுக்கா பாடம் எடுக்கிறீங்க? மனுசருக்கும் கொஞ்சம் கேக்கட்டுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாராவது கேலி செய்து எனக்கு வலிக்காமல் போனது அன்றுதான். ஆனாலும் குரல் எழவில்லை, அக்கா. அடுத்த ஞாயிறும் எழவில்லை. அந்தக் குரலுக்குப் பதிலாகத்தான் நான் சீட்டைக் கண்டுபிடித்தேன்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சியில் சிலர் காயக்காரராக நடிப்பார்கள். தெருவில் நின்று "இவருக்கு வலது கால் முறிவு, அவருக்குத் தலையில் அடி" என்று ஆண்களைப் பார்த்துக் கத்த எனக்குக் கூச்சம். அதனால் ஒவ்வொரு காயத்தையும் அட்டைத்துண்டில் எழுதி, நூல் கோத்து, நடிப்பவரின் சட்டையில் தொங்கவிட்டேன். தூக்குகிறவர்கள் வந்து சீட்டை வாசிக்க வேண்டும், அதற்கேற்பக் கட்டுப் போட வேண்டும், முடிந்ததும் சீட்டைக் கழற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். கிடப்பவரிடம் சீட்டு இல்லையென்றால் அவரைப் பார்த்தாயிற்று, நிற்காமல் அடுத்தவரிடம் ஓடு. இதுதான் விதி. இன்னொன்றும் சொன்னேன்: கிடப்பவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு பேசாமல் கிடக்க வேண்டும், சத்தம் போட்டால் மற்றவர்களின் கவனம் சிதறும். அந்த விதிகளில் ஒன்றும் புத்தகத்தில் இல்லை. எல்லாம் என் கூச்சத்திலிருந்து வந்தவை.

பயிற்சி அழகாக நடந்தது. ஒரு சத்தமில்லை. பார்க்க வந்த வட்டாரப் பொறுப்பாளர் கை தட்டினார்.

உங்களுக்குச் சீட்டு வாசிக்கத் தெரியாது. அதனால் உங்களை எப்போதும் காயக்காரியாகவே கிடத்தினேன், எப்போதும் பைப்புக்குப் பக்கத்தில். "இன்னிக்கு எனக்கு என்ன வருத்தம் டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் படுப்பீர்கள். காசிம் நானா ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தைத் தூக்கும்போது ஒற்றைக் கண்ணைத் திறந்து, "நானா, மெதுவா. நேத்து தின்ன சோறு இன்னும் எறங்கல" என்பீர்கள். "பேசாதீங்க, நீங்க மவுத்து!" என்று உங்களைப் பிணமாக்குவார் அவர். "மவுத்தாப் போனவளுக்குப் பசிக்காதா?" என்பீர்கள்.

எத்தனை தரம் என்னிடம் கேட்டீர்கள்? "எனக்கும் ஒரு கட்டுப் போடக் காட்டித் தாங்களேன் டீச்சர். எத்தன நாளைக்கு இப்படிப் பொணமாட்டம் கெடக்கிறது?" அடுத்த கிழமை என்றேன். அதற்கடுத்த கிழமையும் அடுத்த கிழமை என்றேன். தூண்டில் முள் ஏறிய கைகளை நீங்கள் வீட்டு வாசலில் வைத்துக் கீறி, கழுவி, கட்டி அனுப்புகிறவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்கள் செத்தவீட்டில் ஒரு மீனவர் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தையல் போட்டதுபோல் ஆறியிருந்தது. அந்தக் கூட்டத்தில் உண்மையில் காயம் பார்த்திருந்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்களைத்தான் நான் படுக்க வைத்தேன்.

உயிர்த்த ஞாயிறு என்பதால் அன்று பயிற்சி இல்லை என்று நானே சொல்லியிருந்தேன். விமானங்கள் வந்தது நாங்கள் வழக்கமாகக் கூடுகிற அதே காலை நேரத்தில். துறைமுகத்துக்கென்று போட்டதில் ஒன்று தவறி உங்கள் தெருவில் விழுந்தது. நான் வெள்ளவத்தையிலிருந்து பாதி பஸ்ஸிலும் பாதி நடையுமாக வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. தையல்கடைப் படியில் காசிம் நானா உட்கார்ந்திருந்தார். அவருடைய தொப்பி கையில் இருந்தது. என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

"டீச்சர், நான் பாத்த. கண்ணால பாத்த. பைப்புக்கிட்ட படுத்துட்டு ஈந்தாங்க. கைய நெஞ்சில வெச்சிட்டு. எப்பவும் போல. அங்கால ஒரு புள்ள அலறிட்டு ஈக்குது. நான் சட்டையப் பாத்த. சீட்டு இல்ல. கால் நிக்கல்ல டீச்சர். சத்தியமா, கால் நிக்கல்ல. தாண்டிப் போயிட்ட."

அவராகவே மிச்சத்தையும் சொன்னார்.

"மூணாவது ஆளத் தூக்கி வெச்சிட்டுத் திரும்பி வரக்குள்ளதான் எனக்கு ரோசன வந்த. இண்டைக்கு ஏது பயிற்சி, ஏது சீட்டு? ஓடினேன். உசிரு ஈந்த. விலாவுல ஒரு குண்டுச் சில்லு ஏறி ஈந்த, வெளிய ரத்தமே இல்ல. என்னப் பாத்து சிரிச்சாங்க டீச்சர். 'நானா, இன்னிக்கு டீச்சர் எனக்குச் சீட்டு எழுத மறந்துட்டாங்க' எண்டாங்க."

ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, கோயில் முனை தாண்டுவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் அங்கே கிடந்திருக்கிறீர்கள். எதிர்ப் பக்கம் எத்தனை பேர் ஓடியிருப்பார்கள்! ஒரு தரம் கூப்பிட்டிருந்தால் போதும். உங்கள் குரல் கடல்வரைக்கும் கேட்கும். ஏன் கூப்பிடவில்லை? வலி தொண்டையை அடைத்துவிட்டதா? அல்லது நான் சொன்னதற்காகவா? இந்தக் கேள்வியோடுதான் நான் ஒவ்வொரு நாளும் எழும்புகிறேன். நீங்கள் அங்கிருந்து என்ன பதில் சொன்னாலும் நான் நம்பப் போவதில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதி அலுவலகத்துக்குக் கொண்டு போனேன். பொறுப்பாளர் இரண்டு தரம் வாசித்தார். கோபிக்கவில்லை. எனக்குத் தேத்தண்ணீர் வரவழைத்தார்.

"பிள்ளை, நீர் எழுதினது உண்மைதான். ஆனா இது வெளியில போனா நாளைக்கு ஆர் தொண்டுக்கு வருவினம்? அந்தத் தையல்காரனையும் சனம் சும்மா விடுமே? 'உடனடி மரணம்' எண்டு ரெண்டு சொல்லு போடும். அந்தப் புருசனுக்கும் அது ஆறுதல்தானே?"

அவருக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில்கள் இருந்தன. வாயைத் திறந்தேன். "ஓம் சேர்" என்று வந்தது. அவர் நீட்டிய பேனாவால் கையெழுத்துப் போட்டேன். பொறுப்பாளரைத் தவிர, நானும் காசிம் நானாவும் ஸ்ட்ரெச்சரின் பின்பக்கம் பிடித்தவரும்தான் உண்மை தெரிந்தவர்கள். பின்பக்கம் பிடித்தவர் குண்டு விழுந்த மறுநாளே குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார்.

உங்கள் முப்பதாம் நாள் பூசைக்கு வந்தேன். கடைசி வாங்கில் உட்கார்ந்து, முடிந்ததும் நழுவிவிட நினைத்தேன். உங்கள் வீட்டுக்காரர் சவிரிமுத்து அண்ணன் வாசலில் மறித்தார். தாடி வளர்த்திருக்கிறார். மெலிந்துவிட்டார்.

"டீச்சர், மத்தவங்க சொல்றத நான் நம்பல. நீங்க படிச்சவங்க, பொய் சொல்லமாட்டீங்க. அவ கெடந்து துடிக்கலதானே? ஒடனே போயிட்டாதானே?"

"ஓம் அண்ணை."

"அது போதும்." தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அவ கூப்பிட்டுட்டே கெடந்திருக்க, நான் அங்க தொறமுகத்து டொக்கில மூட்ட தூக்கிட்டு நின்னேனோன்னு ஒரே நெனப்பு. இனி தூங்குவேன் டீச்சர்."

அவர் அன்றிலிருந்து தூங்குகிறாராம். தெருவில் கேட்கிறவர்களுக்கெல்லாம், "ஒடனே போயிட்டா, டீச்சரே சொன்னாங்க" என்று சொல்கிறாராம். ஒரு மனிதனின் தூக்கத்தைப் பறித்து என்ன உண்மையைக் காப்பாற்றப் போகிறேன் என்று என்னையே கேட்டேன். பறிக்காமலே இருந்துவிட முடிவும் செய்தேன். என் கோழைத்தனத்துக்கு இரக்கம் என்று பேர் வைத்துக்கொள்வது அவ்வளவு சுலபமாக இருந்தது.

போன திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து ஒரு பொதி வந்தது. பிரித்தேன். என் சீட்டுகள், அக்கா! நல்ல அட்டையில், துளையும் போட்டு, அச்சடித்து, கட்டுக் கட்டாக. மேலே விதிகள். சீட்டு இல்லாதவரிடம் நிற்காமல் அடுத்தவரிடம் செல்க. கிடப்பவர் சத்தமிடலாகாது. கொழும்பின் எல்லா வட்டாரங்களுக்கும் அனுப்பப் போகிறார்களாம், அடுத்த மாதத்திலிருந்து. கீழே சிறிய எழுத்தில் என் பெயர். அப்பா ஒன்றை எடுத்துப் போய்க் கடையில் சுருட்டுக் கட்டுகளுக்கு மேலே குத்தி வைத்திருக்கிறார். "என்ர பிள்ளை செய்தது" என்று வாங்க வருகிற எல்லோரிடமும் காட்டுகிறார்.

பொறுப்பாளரிடம் ஓடினேன். நிறுத்தச் சொன்னேன். என்ன காரணம் என்றார். சொன்னேன். "அப்பிடி ஒண்டும் அறிக்கையில இல்லையே, பிள்ளை" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். என் கையெழுத்தை எனக்கே திருப்பிக் காட்டினார்.

ஒருகொடவத்தையிலும் கிருலப்பனையிலும் ஞாயிறு காலையில் பெண்கள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு பேசாமல் கிடக்கப் பழகுவார்கள். ஆண்கள் சட்டையைப் பார்த்துவிட்டுத் தாண்டப் பழகுவார்கள். விமானங்கள் மறுபடி வராது என்று யாரால் சொல்ல முடியும்? என்னால் பிழைத்தவர் ஒருவரும் இல்லை. நான் பழக்கியதால் செத்தவர் ஒருவர் இருக்கிறார். இன்னும் எத்தனை பேர் என்று காத்திருக்க என்னால் முடியவில்லை.

ஆகவே இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். வேலை போகும். அப்பா அந்த அட்டையைக் கழற்ற வேண்டி வரும். காசிம் நானாவிடம் சொன்னேன். அவர் பயிற்சிக்கு வருவதை விட்டு நாற்பது நாளாகிறது. தையல் இயந்திரத்தை நிறுத்தினார். "என்ட பேரையும் போடுங்க டீச்சர்" என்றார். "அந்த மனுசன்ட வீட்டுக்குத் தனியப் போகவாணாம். நானும் வாரன்."

நாளை ஞாயிறு. முதல் பூசை முடிந்ததும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவோம். அண்ணனை உட்காரச் சொல்லி, இதை முதல் வரியிலிருந்து அவருக்கு வாசித்துக் காட்டுவேன். அவர் மறித்தால் நிறுத்துவேன். திரும்பச் சொல்லச் சொன்னால் திரும்பச் சொல்வேன். மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால் அவர் கொடுத்துவிடுவார், அவர் அப்படிப்பட்டவர். அதை வாங்கிக்கொண்டு வர எனக்கு முகமில்லை. அவர் வெளியே போகச் சொன்னால் போவேன். அழுதால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஒன்றை மட்டும் உங்களுக்கு வாக்காகத் தருகிறேன், அக்கா. அவர் காதில் விழுமுன் இது வேறொருவர் கண்ணிலும் படாது. இந்த வரிகளை யாராவது அச்சில் பார்க்கிறார்கள் என்றால், அந்த வீட்டுக்குள் நான் உரத்து வாசித்து முடித்துவிட்டேன் என்று அர்த்தம்.

உங்களோடு பிறக்காத,
உங்களைக் கிடத்திவிட்டு வந்த தங்கச்சி,
திலகவதி
வெள்ளவத்தை