மஞ்சள் கொடியை இறக்கிய நாள்

இன்று காலை மைதானத்தில் ஈர மண்மேல் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆடிக் காற்று பாதியை அள்ளி என் புடவையில் கொட்டியது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. சங்கரன்கோவிலில் பள்ளிப் போட்டி நடக்கிறது, வேறு யாரோ விசில் ஊதுகிறார்கள். எனக்கு இன்னும் பழகவில்லை.

நீ பி.டி. டீச்சர், நான் கணக்கு டீச்சர். ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பஸ்ஸைப் பிடிப்பதற்குக்கூட நான் ஓடியவள் இல்லை என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வருடம் போட்டி நேரத்தில் என்னிடம்தான் வந்து நின்றாய்.

"ஏட்டி, நடுவரு ரெண்டு பேரு வரல. நீ வந்து நில்லு."

"எனக்கு என்னட்டி தெரியும்?"

"கோடு தெரியும்லா? அளவு தெரியும்லா? கணக்கு டீச்சருக்கு அது போதும்."

இரண்டு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாடம் நடந்தது. டிபன் மூடிகள்தான் ஓட்டக்காரர்கள், சாக்பீஸ்தான் தொடர் ஓட்டத்தில் கை மாறும் குச்சி. நீளம் தாண்டுதலில் கால்விரல் பலகையைத் தாண்டி மண்ணில் பட்டால் சிவப்புக் கொடி என்றாய். அளப்பது பலகைக்கு மிகப் பக்கத்தில் மணலில் விழுந்த தடத்திலிருந்து என்றாய். "பின்னால கைய ஊனிட்டான்னா கை ஊனுன இடந்தான் கணக்கு. எம்புட்டுத் தாண்டுனாலும் போச்சு." எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. குண்டு எறிபவள் எறிந்த பிறகு வட்டத்தின் பின்பாதி வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதையும் ரசித்துக் கேட்டேன். இத்தனை ஒழுங்கு இதற்குள் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

தொடர் ஓட்டத்துக்கு வந்தபோது மணி அடித்துவிட்டது. "முப்பது மீட்டருக்குள்ள குச்சி கை மாறணும். வெளிய மாறுனா மஞ்சக் கொடியத் தூக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய். எது உள்ளே, எது வெளியே என்று நானும் கேட்கவில்லை.

நான்கு பேர் ஆளுக்கு நூறு மீட்டர் ஓடும் பெண்கள் தொடர் ஓட்டம்தான் போட்டியன்றைக்குக் கடைசி. மூன்றாவது பிள்ளை நான்காவது பிள்ளைக்குக் குச்சி கொடுக்கும் இடத்தில் என்னை நிறுத்தியிருந்தாய். ஓட்டப் போட்டிகளுக்கு நீதான் தலைமை நடுவர். நம் பள்ளி ஜெயிக்கும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இளையரசனேந்தல் பக்கத்துச் சின்னப் பள்ளி ஒன்றிலிருந்து வந்த நான்கு பிள்ளைகளை யாரும் கணக்கில் வைக்கவில்லை. அதில் இரண்டு பேர் வெறுங்கால்.

அந்தப் பிள்ளைகள்தான் முதலில் வந்தார்கள். நம் பிள்ளைகள் நாலடி பின்னால். ஆனால் என் கையில் மஞ்சள் கொடி உயர்ந்திருந்தது. குச்சியை வாங்கும்போது அவர்களுடைய கடைசிப் பிள்ளையின் கால் எல்லைக்கோட்டைத் தாண்டியதை நான் பார்த்தேன். பார்த்த வேகத்தில் தூக்கிவிட்டேன்.

அவர்கள் நீக்கப்பட்டதாக மைக்கில் சொன்னார்கள். நம் பள்ளி முதலிடம் என்றதும் கைதட்டல். அந்த வெறுங்கால் பிள்ளை எனக்கு எதிரில் ஓடுதடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "டீச்சர், நான் உள்ளதான் வாங்குனேன்" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர்களைக் கூட்டி வந்த ஆசிரியர் என்னைப் பார்க்காமல், எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "கொடி பிடிச்சவங்களும் ஜெயிச்சவங்களும் ஒரே பள்ளிக்கூடமாம்லா."

என் கை நடுங்கியது. நீ மைதானத்துக்குக் குறுக்கே நடந்து வந்தாய். கோபமாகத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். நீ மெதுவாகக் கேட்டாய்.

"என்ன பாத்தே, சொல்லு."

"கால் கோட்டத் தாண்டிட்டு."

"கால விடு. குச்சி எங்க இருந்துச்சு?"

நான் விழிப்பதைப் பார்த்து நீயே சொன்னாய்: "கால் எங்க இருந்தா என்னட்டி, குச்சி எங்க கை மாறுச்சுன்னுதான் பாக்கணும். நான்தான் சரியாச் சொல்லல. இப்ப யோசிச்சுச் சொல்லு. நம்ம பிள்ளைகள நெனைக்காத."

கண்ணை மூடிக்கொண்டு அதை மறுபடி பார்த்தேன். கொடுத்த பிள்ளை கோட்டுக்கு முன்னாலேயே தடுமாறி நின்றுவிட்டாள். அவள் நீட்டிய கைகூடக் கோட்டை எட்டவில்லை. வாங்கியவள் கையைப் பின்னால் நீட்டியபடி முன்னால் பாய்ந்துகொண்டிருந்தாள். கால் வெளியே, கை உள்ளே.

"குச்சி உள்ளதான் இருந்துச்சு" என்றேன். "தப்பாத் தூக்கிட்டேன்."

நேராக மைக்கிடம் போய், நடுவர் பக்கம் பிழை, முடிவு திருத்தப்படுகிறது என்று நீயே அறிவித்தாய். என் பெயரைச் சொல்லவில்லை. அதற்குள் பரிசு மேடையில் பாதி ஏறியிருந்த நம் பிள்ளைகளைக் கீழே இறக்கி, பக்கத்தில் இரண்டாம் இடத்துப் படியில் நிறுத்தினாய். அவர்களில் ஒருத்தி அழுதாள். தலைமையாசிரியர் உன்னிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ எதையும் என்னிடம் சொல்லிக் காட்டவில்லை. பஸ் ஸ்டாண்டில் எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்து, "அடுத்த வருசமும் வருவேல்லா?" என்று மட்டும் கேட்டாய். வந்தேன். எல்லா வருடமும் வந்தேன்.

ஆனால் ஒன்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. கொடியைத் தூக்கிய அந்த நொடியில், பின்னால் வருவது நம் பள்ளி என்று எனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்துதான் தூக்கினேனா? பல வருடம் இதை யாரிடமும் கேட்கவில்லை. நீ நோயில் படுத்துவிட்ட பிறகு, ஒரு சாயங்காலம் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேவிட்டேன். அப்போது உனக்குப் பேசுவதே சிரமம்.

"அப்படி இல்லட்டி" என்று நீ சொல்வாய் என எதிர்பார்த்தேன். நீ அப்படிச் சொல்லவில்லை.

"இருக்கலாம்" என்றாய். கொஞ்சம் மூச்சு வாங்கினாய். "மனசுல என்ன ஓடுச்சுன்னு பாக்கதுக்கு ரூல் கிடையாதுட்டி. அதனாலதான் குச்சி எங்க இருந்துச்சுன்னு மட்டும் கேட்டேன். கேட்டதும் உள்ளதச் சொன்னேல்லா? அன்னைக்கே முடிஞ்சு போச்சு. இத இம்புட்டு நாளு சுமந்தியா, கோட்டி, பைத்தியம்."

நான் அழுதேன். நீ சிரித்தாய், சிரிப்பு இருமலாகிவிட்டது. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது என் உடம்பே லேசாக இருந்தது. கேட்காமலே உன்னை அனுப்பிவைத்திருப்பேன். நல்லவேளை, கேட்டுவிட்டேன்.

இன்று மதியம் ஒரு கொடி தூக்கினேன். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு எதிராகத்தான். குச்சி கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளிக் கை மாறியது. முதலிடம் வாங்கியிருக்க வேண்டிய பிள்ளைகள். கடைசியாக ஓடியவள் மூச்சிரைக்க வந்து, "ஏன் டீச்சர்?" என்று கேட்டாள். அவளைக் கோட்டருகே கூட்டிப் போய், எங்கே கை மாறியது என்று காலால் தொட்டுக் காட்டினேன். அவள் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு, "ஆமா டீச்சர்" என்றாள்.

என் கை நடுங்கவில்லை. உன்னிடம் அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.