உளுந்துமேல் உன் ஃப்ளெக்ஸ்

தம்பிக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். பொங்கலன்று ஊரே வேன் பிடித்துக் கோவில்பட்டிக்குப் போய் உன் படத்தைப் பார்த்தோம். நல்ல படம்தான். முடிந்து விளக்குப் போட்ட பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. "இருங்கய்யா, நம்ம பயல இன்னும் காணலியே" என்றார் சோலைராஜ் மாமா. உன் காட்சியை வெட்டிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பஸ் ஸ்டாப்பில் உனக்கு வைத்த ஃப்ளெக்ஸைக் கழற்றட்டுமா என்று பையன்கள் கேட்டார்கள். "கை வச்சுப் பாருங்கலே" என்றேன்.

நேற்று திடீரென்று மழை. களத்தில் உளுந்து கிடந்தது. நானே ஓடிப்போய் அந்த ஃப்ளெக்ஸை அவிழ்த்து வந்து மூடினேன். உன் முகம் நனையாமல் உட்பக்கமாகத்தான் போட்டேன். ஒரு மணிகூட நனையவில்லை.

அடுத்த படத்துக்கு இன்னும் பெரிதாக அடிக்கச் சொல்லியிருக்கிறேன். மாசியில் பருத்தி வந்துவிடும், அதையும் மூட வேண்டாமா?

உன் அக்கா