சம்பளத்துக்கு ஓடுகிறவன்

மதுரை
12 ஜூலை 1912

பிரியமுள்ள மாப்ளே ஒச்சப்பனுக்கு,

நான் சுகம். விடுதிச் சாப்பாடுதான் நம்ம ஊர்ச் சிலமலைக்காரன் வாய்க்கு ஒத்துவரவில்லை. நீ தபால் ரன்னர் வேலையில் சேர்ந்துவிட்டதாக அண்ணன் எழுதியிருந்தார். உன் அப்பா இருந்திருந்தால் நீயும் இங்கே எனக்குப் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருப்பாய்.

ஒரு சங்கதி, சிரிக்காதே. நானும் ஓடத் தொடங்கியிருக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பேர் தினம் காலையில் வைகைக் கரையில் மூன்று மைல் ஓடுகிறோம், பொழுதுபோக்காகத்தான். முதல் மைலிலேயே எனக்கு விலா பிடித்துக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

உன் திருப்பதி

போடிநாயக்கனூர்
25 ஜூலை 1912

மாப்ளே திருப்பதிக்கு ஒச்சப்பன் எழுதுவது.

சிரித்தேன். ஆத்தாளிடமும் சொன்னேன். "தொரத்த நாயுமில்ல, தூக்க மூட்டையுமில்ல, அந்தப் பிள்ள எதுக்குடா ஓடுது?" என்கிறாள்.

எனக்கு முந்தலிலிருந்து போடிமெட்டு வரைக்கும் ஓட்டம். எல்லாம் ஏற்றம். தோளில் தபால் பை, கையில் சலங்கை கட்டிய ஈட்டி. இந்த மழையில் அட்டைக்கடிதான் தாங்கவில்லை. காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு போகிறேன்.

விலா பிடித்தால் நின்றுவிடாதே. மூச்சை வாயால் ஊதி வெளியே தள்ளு. உள்ளே இழுப்பதை மறந்துவிடு, அது தானாக வரும். அடியைச் சின்னதாக வை. தின்ற வயிற்றோடு ஓடாதே.

ஒச்சப்பன்

மதுரை
2 நவம்பர் 1912

அன்பு மாப்ளே,

நீ சொன்ன மூச்சு பலித்துவிட்டது. இப்போது பத்துப் பேரில் நான்தான் முதல்.

டிசம்பர் 14, சனிக்கிழமை, ஐந்து மைல் பந்தயம். வெளியூர்க்காரர்களும் ஓடலாமாம். உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். லீவு சொல்லிவிட்டு வா. "இவன் சொல்லித்தான் நான் ஓடக் கற்றேன்" என்று எல்லோரிடமும் உன்னைக் காட்ட வேண்டும்.

உன் திருப்பதி

மதுரை
20 டிசம்பர் 1912

மாப்ளே,

பந்தயச் செயலாளர் பட்டியலிலிருந்து உன் பெயரை அடித்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊருக்குப் புறப்பட்டுவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

பந்தயத்துக்கு முதல் நாள் மாலை மைதானத்தில் நாம் விளையாட்டாக ஓடினோமே, இரண்டாவது சுற்றிலேயே எனக்கு உன் முதுகுதான் தெரிந்தது. உனக்கு மூச்சுகூட வாங்கவில்லை. சம்பளத்துக்கு ஓடுகிறவர்கள் பந்தயத்தில் சேரக்கூடாது என்று ஒரு விதி உண்டு. அன்று ராத்திரி செயலாளரிடம் போய் நீ தபால் ரன்னர் என்று சொன்னது நான்தான். மறுநாள் அவர் உன்னை விலக்கியபோது, ஒன்றும் தெரியாதவன்போல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உன் பக்கத்தில் நின்றேன்.

ஜெயித்தேன். வெள்ளிக் கிண்ணம் மேசைமேல் இருக்கிறது. அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. உனக்கே அனுப்பிவிடட்டுமா?

திருப்பதி

போடிநாயக்கனூர்
8 ஜனவரி 1913

திருப்பதிக்கு,

கடிதம் கிடைத்தது. முந்தலில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு ஓடைக்கரையில் உட்கார்ந்துவிட்டேன். வேலையில் சேர்ந்த நாளாக அன்றைக்குத்தான் பை தாமதமாக மெட்டுக்குப் போனது. "என்னடா ஒச்சப்பா, கால்ல முள்ளா?" என்று அங்கே கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது. விதி என்று சொன்னார்கள், நம்பிவிட்டேன். நமக்காக இவனும் முகம் வாடி நிற்கிறானே என்று உனக்காகத்தான் வழி நெடுக வருத்தப்பட்டுக்கொண்டு வந்தேன்.

கிண்ணம் வேண்டாம். ஆத்தா அதில் உப்புப் போட்டு வைத்துவிடுவாள்.

"மாப்ளே, நீ ஓடாத, இதுல நான் ஜெயிக்கணும்" என்று முதல் நாளே நீ என்னிடம் சொல்லியிருக்கலாம். சாலையோரம் நின்று உன் பெயரைச் சொல்லிக் கத்தியிருப்பேன். இரண்டு நாள் நடந்து வந்தது நான் ஓடுவதற்கு மட்டுமல்ல.

சித்திரையில் நீ ஊருக்கு வருவதாக உன் அண்ணன் சொன்னார். காலை ஆறு மணிக்கு முந்தலில் பை எடுப்பேன். வருவதென்றால் வா, கூட ஓடு. வழியில் பேச்சு வேண்டாம். உனக்காக நான் நிற்கவும் மாட்டேன். மெட்டு வந்து சேர்ந்தாயென்றால், அங்கே உட்கார்ந்து பேசலாம்.

ஒச்சப்பன்