பல் டாக்டரின் அக்கார்டியன்

மார்ச் 3

மேல்வரிசை முன்பல் நாலும் போயிற்று. டாக்டர் தங்கமான மனுஷர், ஊசி போட்டதே தெரியவில்லை. என்னால் பேச முடியாததால் அவரே பேசினார். வீட்டில் அக்கார்டியன் சும்மா கிடக்கிறதாம், சேர்ந்து வாசிக்க ஆள் இல்லையாம். வாயில் பஞ்சோடு, மருந்துச் சீட்டின் பின்பக்கம் எங்கள் நாட்டுப்பாட்டுக் குழு கூடும் இடத்தை எழுதிக் கொடுத்தேன்: வெல்டிங் பட்டறை, சனிக்கிழமை சாயங்காலம். புண் ஆறும்வரை என் மவுத் ஆர்கன் இல்லாமல் அவர்கள் திண்டாட வேண்டாமே என்றுதான்.

மார்ச் 8

பட்டறைக்குப் போய் வாசிப்பைக் கேட்டேன். இருபது வருஷத்துக்கு மேலாக நான் ஊதியதையெல்லாம் டாக்டர் ஒரே சாயங்காலத்தில் வாசித்துவிட்டார். அதுவும் என் நாற்காலியில் உட்கார்ந்து. "பட்டறையே நிறைஞ்ச மாதிரி இருக்கு டாக்டர்" என்றார் வெல்டர். டிரம் அடிப்பவர் அவர்தான், அவர் சொன்னால் குழுவே சொன்ன மாதிரி.

மார்ச் 9

"பல்லையும் பிடுங்கி, என் இடத்தையும் பிடுங்கிட்டார்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். எனக்கு வயிறு எரியுது, இந்த மனுஷனுக்குச் சிரிப்பு!

மார்ச் 12

பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது என் வேலை. பல் இல்லாமல் பாதி எழுத்து காற்றாகப் போகிறது. ஒரு கண்டக்டர் அறைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "அக்கா, மைக் ரிப்பேரா?" என்றார். மைக் நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 15

பாடுகிறவள் என் நாத்தனார். இன்று அவளுக்குப் பாட்டின் நடுவிலேயே மூச்சு முட்டியது. திரும்பத் திரும்ப ஆரம்பித்தும் முடிக்க முடியவில்லை. "வயசாயிடுச்சு அண்ணி. அடுத்த மாசம் நூலகத் திடல் நிகழ்ச்சியில நான் பாடல" என்று கண் கலங்கினாள்.

வயசும் இல்லை, ஒன்றும் இல்லை. காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. மவுத் ஆர்கன் ஊதுகிறவளுக்கும் மூச்சு வேண்டும். வரிக்கு வரி நான் நிறுத்துவேன், அவளும் அங்கே மூச்சு எடுத்துக்கொள்வாள். அக்கார்டியனுக்குத் துருத்தி இருக்கிறது, நிற்காமல் ஓடுகிறது. இவளும் பின்னாலேயே ஓடுகிறாள்.

நான் சொல்லவில்லை. அவர்களே என்னைத் தேடி வரட்டுமே.

மார்ச் 16

அவள் முகமே கண்ணில் நிற்கிறது. சொல்லித் தொலைக்கணும். சொன்னா டாக்டர் சரி பண்ணிடுவார். சரியாயிட்டா — அப்புறம் நான் எதுக்கு?

மார்ச் 18

சொல்லிவிட்டேன். பல் கட்ட அளவெடுக்கப் போனபோது, வாயில் அச்சுப் பசையை வைப்பதற்கு முன்னால்.

"ஒவ்வொரு வரி முடியறப்பவும் துருத்திய நிறுத்துங்க டாக்டர். அவ மூச்சு விடணும்."

கையில் பசையோடு அப்படியே நின்றார். "நிறுத்தினா அந்த இடம் காலியா இருக்குமே?"

"இருக்கட்டும்" என்றேன். அதற்குமேல் பேச விடாமல் பசையை வைத்துவிட்டார்.

மார்ச் 22

நாத்தனார் முழுசாகப் பாடிவிட்டாள். வெல்டர் விசில் அடித்தார், நானும் கை வலிக்கத் தட்டினேன். வீட்டுக்கு வந்து அழுதேன். இவர் தட்டில் சாப்பாட்டைப் போட்டு முன்னால் வைத்தார்.

ஏப்ரல் 2

புதுப் பல் வந்தது. கண்ணாடியில் பத்து வயது குறைந்துவிட்டது. ஆனால் மவுத் ஆர்கனில் காற்றை உள்ளே இழுத்தால் பல்செட் கழன்று நாக்கின் மேல் விழுகிறது. போச்சு. எல்லாம் போச்சு.

ஏப்ரல் 4

இவர்தான் டாக்டருக்குப் போன் போட்டிருக்கிறார். "மவுத் ஆர்கனையும் எடுத்துட்டு வாங்க" என்றாராம் டாக்டர். சிகிச்சை நாற்காலியில் சாய்ந்தபடி ஊதினேன். கழற்றுவார், ராவுவார், மாட்டுவார், மறுபடி ஊதச் சொல்வார். வெளியே காத்திருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ! கடைசியில் பல் அசையவில்லை.

"நான் திரும்பி வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க டாக்டர்?" என்று கேட்டேவிட்டேன்.

"அதான் எனக்கும் பயமா இருக்கு" என்றார். இன்னும் கொஞ்சம் ராவினார். "நான் நிறுத்தற இடத்துல நீங்க ஊதுங்களேன்?"

"அங்கதான் நான் மூச்சு விடுவேன்."

"மாத்தி விடுங்க."

சொல்வது சுலபம்.

ஏப்ரல் 9

அவள் பாடும்போது நான் மூச்சு எடுக்க வேண்டும், அவள் எடுக்கும்போது நான் ஊத வேண்டும். இடது கையால் எழுதுகிற மாதிரி இருக்கிறது. இன்று பத்து வரியில் ஏழு சரியாக வந்தது.

ஏப்ரல் 12

திடல் நிறையக் கூட்டம். டாக்டர் அக்கார்டியன் வாரை இறுக்கிக்கொண்டே இருந்தார், நான் நாக்கால் பல்செட்டை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் வரி முடிந்ததும் டாக்டர் நிறுத்தினார், நான் ஊதினேன், அவள் நிதானமாக மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள். பிறகு பயம் போய்விட்டது.

கடைசிச் சரணத்தை நாங்கள் பாடுவதே இல்லை. அதில் வரிகள் நீளம் என்று நாத்தனார் எத்தனையோ வருஷம் முன்பே விட்டுவிட்டாள். முடித்துவிட்டோம் என்று நான் மவுத் ஆர்கனை இறக்கினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு அதையும் எடுத்துவிட்டாள். டாக்டருக்கு அது தெரியவே தெரியாது, எனக்குப் பாதி மறந்துபோயிருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே எப்படியோ கரை சேர்ந்தோம்.

மேடையை விட்டு இறங்கியதும், "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பாடக் கூடாதா?" என்று பிடித்துக்கொண்டேன்.

"நான் என்ன பண்ணட்டும் அண்ணி" என்றாள். "மூச்சு மிச்சம் இருந்துச்சு."