நாலு பூட்டும் ஓர் ஆறும்

சிவமயம்

டத்தோ கிராமாட், பினாங்கு
ஏப்ரல் 20, ஞாயிறு

என் செல்ல மகள் அர்ச்சனாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் எல்லாமும் நலம். நீயும், நீ காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு திரிகிற அந்தக் கேரவனும் அங்கே நலமாக இருக்க வேண்டும் என்று தண்ணீர்மலை முருகனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ நிற்கிற இடத்திலெல்லாம் லைன் பாதிப் பேச்சிலேயே போய்விடுகிறது, அது ஒன்று. இன்னொன்று, பொங்கலில் இருந்து நான் உன்னிடம் "சாப்பிட்டியா", "அப்பாகிட்ட தரேன்" என்ற இரண்டைத் தவிர வேறு பேசியதில்லை, திடீரென்று போனில் இத்தனையும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி வியாழக்கிழமை பெர்த்துக்கு மகனைப் பார்க்கப் போகிறாள். இந்தக் கடிதத்தையும் ஒரு பார்சலையும் அவளிடம் கொடுத்து விடுகிறேன், நீ அடுத்து வேலைக்குப் போகும் கிளினிக்குக்கு அவள் மகன் தபாலில் அனுப்புவான்.

நீ ஊர் ஊராகக் கிளினிக் மாறிப் போகும் வேலைக்கு நடுவில் கிடைக்கும் நாட்களில் காசு கட்டும் கேம்ப் எதிலும் தங்காமல் கடற்கரை, காடு என்று சும்மா கிடக்கும் இடமாகப் பார்த்துத் தனியாக நிறுத்துகிறாய் என்று சொன்னதில் இருந்து எனக்குக் கோபம் என்றால், அப்பாவுக்கு அது ஒரு பாடமாகிவிட்டது. பத்து காவானில் இருக்கும் ஃபேக்டரியில் இருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு வேறு என்ன வேலை? கேரவனை எப்படித் திருடுவார்கள், எப்படிப் பூட்ட வேண்டும் என்று ஒரு மாதம் முழுக்க வீடியோ பார்த்தார். பார்த்துவிட்டு, "நாம ஒரு தடவ போய் நின்னு பாத்தாதான் பிள்ளைக்கு என்ன ஆபத்துன்னு தெரியும்" என்றார். கெப்பாலா பத்தாஸில் அவருடைய பழைய கூட்டாளி ஹபீப் முகம்மது இருக்கிறார் இல்லையா, அவர் வீட்டு முற்றத்தில் நாலு வருஷமாக ஒரு சின்னக் கேரவன் தார்பாய் போட்டுக் கிடந்தது. அதையும் அவருடைய பிக்கப் வண்டியையும் இரவல் வாங்கிக்கொண்டு, போன செவ்வாய்க்கிழமை நாங்கள் இரண்டு பேரும் கெடா பக்கம் மலையடிவாரத்தில் ஓர் ஆற்றங்கரைக்குப் போனோம். ஆமாம், நான்தான், உன் அம்மாதான். நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

இடம் அழகு, அதை மறைக்க மாட்டேன். பளிங்கு மாதிரி தண்ணீர், வெள்ளை மணல், ஒரு பெரிய மரம், ஆள் நடமாட்டமே இல்லை. அப்பா கேரவனைத் தண்ணீருக்குப் பத்தடி தள்ளி மணலிலேயே இறக்கி நிறுத்தினார். அப்புறம் பூட்ட ஆரம்பித்தார் பார், ஒரு மணி நேரம். கதவுக்கு ஒரு பூட்டு. சக்கரத்துக்கு ஒரு மஞ்சள் இரும்புக் கவ்வி, அதற்கு ஒரு பூட்டு. வேறு எவனும் வந்து தன் வண்டியில் மாட்டி இழுத்துப் போகாதபடி முன்கொக்கிக்கு ஒரு பூட்டு. அதற்கும் மேல் கப்பல் கட்டுகிற மாதிரி ஒரு சங்கிலியை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து நாலாவது பூட்டு. பிக்கப்பை மேட்டில் ஏற்றி, பாதையை மறித்துக் குறுக்கே நிறுத்தினார். கொக்கிச் சாவியை மட்டும் வளையத்தில் இருந்து தனியாகக் கழற்றி, "எல்லாச் சாவியும் ஒரே இடத்துல இருக்கக் கூடாது, இத நீ பத்திரமா வை" என்று என் கையில் கொடுத்தார். நானும் வைத்தேன், ரொம்பப் பத்திரமாக.

மேட்டில் சற்றுத் தள்ளி ஒரு பழைய வெள்ளை வேன் நின்றது, கதவுக்கு வெளியே பெரிய ஆம்பளை பூட்ஸ் ஒரு ஜோடி. அதில் இருந்து என் வயதுக்காரி ஒருத்தி இறங்கி வந்தாள். பெயர் மர்ஜானா, பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவளாம், அவளும் கெப்பாலா பத்தாஸ்தான். அம்மா வழியில் தமிழ் என்பதால் நம் பேச்சு நன்றாகவே வருகிறது. வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டேன், "மேல இருக்காரு" என்றாள், நானும் மேட்டைப் பார்த்துத் தலையாட்டினேன். அவள் அப்பாவிடம், "அண்ணே, மணல்ல நிக்காதீங்கலா. மேட்டுக்கு ஏத்துங்க, மூக்க ரோட்டுப் பக்கம் வச்சு நிறுத்துங்க, கெளம்பணும்னா டக்குன்னு கெளம்பலாம்" என்று சொன்னாள். இவர் சிரித்தார். "திருடன் ரோட்டுலதாம்மா வருவான், ஆத்துலயா வருவான்?" என்றார். அவளும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை, போய்விட்டாள். எனக்கு அப்போதே மனசு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் முட்டிவலிக்காரர் ஒரு மணி நேரம் குனிந்து பூட்டிய நாலு பூட்டையும் திறங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். மர்ஜானாவுக்குக் கொடுக்கலாம் என்று வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு கரைத்து எண்ணெய் வைத்திருந்தேன். அப்பா மடக்கு நாற்காலியைத் தண்ணீரிலேயே போட்டுக் காலை நனைத்துக்கொண்டு பேப்பர் படித்தார். நாங்கள் இருந்த இடத்தில் நல்ல வெயில், ஒரு தூறல்கூட இல்லை, மலை உச்சியில் மட்டும் கருத்துக் கிடந்தது. மர்ஜானா மேட்டில் இருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தாள். "அக்கா! தண்ணி கலரு மாறுது பாருங்க! கெப்பாலா ஆயிர் வருது!" மலையில் பெய்த மழை மொத்தமாகத் திரண்டு ஒரே அடியாக இறங்குவதற்கு அந்தப் பெயராம். பார்த்தால் பளிங்குத் தண்ணீர் மைலோ கரைத்த நிறத்தில் இருக்கிறது, இலையும் சுள்ளியுமாக மிதந்து வருகிறது, தூரத்தில் லாரி வருவது போல் ஓர் இரைச்சல். அப்பா எழுந்து பாய்ந்து வந்து, பிக்கப்பைக் கொண்டுவந்து மாட்டலாம், கொக்கிச் சாவி எங்கே என்றார். அர்ச்சனா, எனக்கு மனசு வெள்ளைத் தாளாகிவிட்டது. கைப்பையில் பார்க்கிறேன், தலையணைக்கு அடியில் பார்க்கிறேன், ரவிக்கைக்குள் பார்க்கிறேன், எங்கேயும் இல்லை. கேஸை மட்டும் எப்படியோ மூடினேன். அதற்குள் சக்கரம் பாதி முங்கிவிட்டது. அவரோ முழங்கால் தண்ணீரில் குனிந்து இருக்கிற சாவிகளை எல்லாம் மாற்றி மாற்றிக் கொக்கிப் பூட்டில் போட்டுப் பார்க்கிறார். "அண்ணே, வண்டிய விடுங்கலா, ஏறி வாங்க!" என்று மர்ஜானா சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். "ஹபீப் முகத்துல எப்படிம்மா முழிப்பேன்?" என்று அவர் கையை உதறுகிறார். தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்தது. கால் வழுக்கியதில் ஒரு கையால் கேரவனைப் பிடித்துக்கொண்டார், இன்னொரு கை அப்போதும் பூட்டில்தான் இருந்தது. எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. "விஸ்வநாதா! ஏறி வா!" என்று கத்தினேன். கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷத்தில் நான் அவர் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை, அதுவும் வா போ என்று! மனிதர் அப்படியே திகைத்து என்னைப் பார்த்தார். சாவிக்கொத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டு நடந்து வந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து மேட்டில் ஏற்றினோம். ஏறி நின்று திரும்பிப் பார்த்தால், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி, அவர் நின்ற மணல், எதுவும் இல்லை, ஒரு முழு மரம் உருண்டு போகிறது.

கேரவன் மிதந்தது. மிதந்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, சங்கிலியில் கட்டிய மாடு மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது. அந்தச் சங்கிலி இல்லையென்றால் கடலில்தான் போய்த் தேடியிருக்க வேண்டும். ஆக, திருடனுக்குப் போட்ட நாலு பூட்டில் ஒன்று வண்டியைக் காப்பாற்றியது, இன்னொன்று அப்பாவைக் கொல்லப் பார்த்தது. முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் வந்த மாதிரியே வடிந்தும் போனது. உள்ளே முழங்கால் உயரம் சேறு, ஃபிரிட்ஜ் போச்சு, மெத்தை போச்சு. ஹபீப் முகம்மது தகவல் கேட்டு லாரியோடு வந்தார். "தங்கச்சி, ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லயே?" என்று மூன்று தடவை கேட்டார், பிறகு கேரவனைச் சுற்றி வந்து பார்த்தார், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். "நாலு வருஷமா என் வூட்ட விட்டு நகராத வண்டிப்பா, ஒன்னால நீச்சலே கத்துக்கிச்சு!" என்றார். இப்போது தினமும் காலையில் அப்பா அவர் வீட்டுக்குப் போய்விடுகிறார், இரண்டு பேருமாக அதைக் கழுவி, பலகை மாற்றி, புது மெத்தை தைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. கொக்கிச் சாவியும் கிடைத்துவிட்டது. அஞ்சறைப்பெட்டியில், வெந்தயத்துக்கு அடியில். எந்தத் திருடன் வெந்தயத்தில் கை விடப் போகிறான் என்று நான்தான் வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு நனைந்த துணியோடு மர்ஜானாவின் வேனுக்குள் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தோம். உங்கள் வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள் என்றேன். "அவரு மவுத்தாகி ஆறு வருஷமாச்சுக்கா. பூட்ஸ் மட்டும் இன்னும் வேல செய்யுது" என்று சிரித்தாள். தனியாக ஒரு பெண் இருக்கிறாள் என்று பார்க்கிறவனுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகப் போகிற இடமெல்லாம் அதை வெளியே வைக்கிறாளாம். எனக்கு உன் நினைப்பு வந்துவிட்டது. என் மகளும் இப்படித்தான் ஆஸ்திரேலியாவில் தனியாக நிற்கிறாள், கோபத்தில் மூன்று மாதமாக அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அழுதுவிட்டேன். அவள் என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினாள். பிறகு, "என் மவளும் கோலாலம்பூர்ல இருந்து போன் பண்ணா 'எப்பம்மா இத விடப் போற'ன்னுதான் கேப்பா. அதனால எங்க நிக்கிறேன்னு அவகிட்ட சொல்றதயே விட்டுட்டேன். போன வருஷம் காட்டுக்குள்ள வண்டி மாட்டிக்கிச்சு, ரெண்டு நாளு. தேடி வர ஒரு ஆளு இல்ல, யாருக்கும் தெரியாதுல்ல" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

அதனால் இதைக் கேட்டுக்கொள். பூட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை, கேரவனை விட்டுவிட்டுக் கடைக்குப் போகும்போது கொக்கிப் பூட்டும் சக்கரக் கவ்வியும் போடத்தான் வேண்டும். ஆனால் எல்லாச் சாவியும் உன் இடுப்பிலேயே இருக்கட்டும், பத்திரமான இடம் என்று எங்கேயும் வைக்காதே. உள்ளே தங்கும்போது காரில் இருந்து கேரவனைக் கழற்றாமல் ரோட்டைப் பார்த்தே நிறுத்து. காய்ந்து கிடக்கும் ஆற்றை நம்பாதே, உங்கள் ஊரில் வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்துவிட்டு ஒரே நாளில் ஓடுமாமே, புஷ்பவள்ளி மகன் சொன்னான். யாராவது கதவைத் தட்டினால் திறக்காதே, ஜன்னல் வழியாகப் பேசு, தனியாகவா என்று கேட்டால் அவர் தூங்குகிறார் என்று கூசாமல் சொல், இந்தப் பொய்க்குப் பாவம் கிடையாது. இடம் மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால் சாப்பாட்டை அடுப்பிலேயே விட்டுவிட்டாவது கிளம்பிவிடு. பார்சலில் இருப்பது அப்பாவின் ஃபேக்டரி பூட்ஸ், பத்தாம் நம்பர். மண் ஒட்டியிருந்தால் உங்கள் ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள் என்று இரண்டு நாள் பிரஷ் போட்டுத் தேய்த்தார். அதே பயத்தில்தான் பொடி, ஊறுகாய் எதுவும் வைக்கவில்லை, என்னைத் திட்டாதே.

பொங்கலன்று நீ வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டேன் என்று சொன்னபோது, "வீடு வாசல் இல்லாதவ மாதிரி ரோட்டுல கெடக்கவா உன்னப் படிக்க வச்சோம்" என்று கேட்டேன். நீ அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாய். அப்படிக் கேட்டது தப்பு, அர்ச்சனா. ஆற்றங்கரையில் அன்றைக்கு விடியற்காலையில், தண்ணீர் வருவதற்கு முன்னால், அந்தக் கேரவன் வாசல்படியில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். மீன்கொத்தி ஒன்று வந்து எதிரே உட்கார்ந்தது. அடுத்த வேலை என்ன என்று நினைக்காமல் நான் சும்மா உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன், கணக்குத் தெரியவில்லை. நீ எதற்காகப் போனாய் என்று அப்போது கொஞ்சம் புரிந்தது. செப்டம்பரில் அப்பாவும் நானும் பதினைந்து நாளுக்கு வரலாமா என்று யோசிக்கிறோம், உன் வண்டியில் இடம் இல்லையென்றால் அவர் வெளியே கூடாரத்தில் படுத்துக்கொள்வார்.

முருகன் அருளால் உன் சக்கரம் மேட்டிலேயே நிற்கட்டும், கை நிறைய வேலையும் மனசு நிறைய தைரியமும் உனக்கு என்றைக்கும் இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. எப்போது திரும்பி வருவாய் என்று இனிமேல் கேட்க மாட்டேன். இன்றைக்கு எங்கே நிற்கிறாய் என்று மட்டும் தினமும் ஒரு வரி அனுப்பு, அப்பாவுக்கு அல்ல, எனக்கு.

அன்புடன்
உன் அம்மா
மீனாள் விஸ்வநாதன்